என் புருஷன் குரலுக்கு இருபது சாட்சி

"அன்புள்ள டெவலப்பர்" என்று ஆரம்பிக்கிற கடிதத்தை நான் இப்போதெல்லாம் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. அதில் அன்பும் கிடையாது, எழுதியவர் என்று ஒருவரும் கிடையாது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "உங்கள் ஸ்டோர் குழு" என்று இருக்கும். அந்தக் குழுவில் மூச்சு விடுகிற ஆள் ஒருவராவது உண்டா என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை ஆசை. இருந்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். போனுக்கு ஆப் விற்கிற கடை நடத்துகிறீர்கள், நல்லது. என் வீட்டுக்காரர் டிக்கெட் கவுன்ட்டரில் வாய் திறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய உங்களை யார் கூப்பிட்டார்கள்?

கோபத்தில் முன்னுக்குப் பின் சொல்லிவிட்டேன். முதலிலிருந்து வருகிறேன்.

நாங்கள் இருப்பது ஒரு தீவில், பாம்பூஃப்ளாட் என்கிற ஊரில். எதிர்க்கரை சாத்தாம். நடுவில் துறைமுகத் தண்ணீர், போட்டில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம். நான் தினமும் அப்படிக் கடந்து போய் டவுனில் ஒரு தனியார் கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் எடுக்கிறேன். என் கணவர் போட் என்ஜின் மெக்கானிக். அவர் அப்பா தூத்துக்குடிக் கரையிலிருந்து மீன்பிடிக்க வந்தவர்; தீவிலேயே பிறந்து வளர்ந்தும் இவர் பேச்சில் அந்தக் கரை அப்படியே இருந்தது. ஓடுகிற என்ஜின் பக்கத்தில் நின்று கத்திப் பழகியவர் என்பதால் வீட்டில் உப்பு கேட்டாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. இங்கே ஆஸ்பத்திரி, பிறகு மெயின்லேண்ட், சென்னையில் இரண்டு மாதம். கால் வந்தது. கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அவர் சொல்ல நினைப்பதும் உள்ளே முழுசாக இருந்தது. வெளியே வந்தது மட்டும் "தா... தா..." எழுதிக் காட்டச் சொன்னால் எழுத்தும் குழம்பியது. படம் பார்த்தால் அடையாளம் தெரிந்தது. மற்றபடி, அவ்வளவு சத்தமாக இருந்த மனுஷன் ஒரே காலையில் ஊமைப் படமாகிவிட்டார். அதை நான் நாகரிகமாகச் சொல்லத் தயாராக இல்லை.

சென்னையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா நல்ல மாதிரி. இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு ஆப் இருக்கிறது, படத்தைத் தொட்டால் போன் பேசும், மாதாமாதம் கட்டணம் என்றார். போனில் கடையைத் திறந்து பார்த்தேன். பிறகு கம்ப்யூட்டர்க்காரி புத்தி, அதே ஆப்பை அந்தக் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் பார்த்தேன். அங்கே விலை கணிசமாகக் குறைவு. ஏன் என்று தேடினால், கடை வழியாக வாங்கினால் நூற்றுக்கு முப்பது வரை கடைக்காரன் பங்காம். அதைவிட அழகு ஒன்று உண்டு. "வெளியே மலிவாகக் கிடைக்கும்" என்று அந்த ஆப் தனக்குள் எழுதி வைக்கக்கூட ரொம்ப நாளாக அனுமதி இல்லையாம். பக்கவாதம் வந்தவன் வாயிலிருந்து முப்பது சதவீதம் எடுக்கிறவன், அதை வெளியே சொல்லக்கூடாது என்று வேறு வாயைப் பொத்தியிருக்கிறான். என்ன ஒரு வெட்கம்.

சரி, பணம் போனால் போகிறது என்று வாங்கினேன். அவர் இடது கட்டைவிரலால் தண்ணீர்ப் படத்தைத் தொட்டார். உள்ளிருந்து ஒரு பெண் குரல், சுத்த இந்தியில், "கிருபயா முஜே ஜல் தீஜியே" என்றது. எங்கள் தீவில் தண்ணீர் கேட்க "ஜல்" என்று சொன்னால் டிவியில் செய்தி வாசிக்க வந்தவர் என்று நினைப்பார்கள். என் கணவர் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அந்த மாதக் கட்டணம் அத்தோடு முடிந்தது.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவர் டைப் அடிக்கிற ஜாதி இல்லை. எப்போதும் வாய்ஸ் மெசேஜ்தான். கடலில் இருந்து, வொர்க்‌ஷாப்பில் இருந்து, போட் ஏறும்போது, இறங்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரு வாய்ஸ். வருஷக்கணக்கில் என் போனில் கிடந்தன. நான் ஒன்றையும் அழிக்கவில்லை. பாசத்தால் என்று சொல்ல ஆசைதான், உண்மையில் சோம்பேறித்தனம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். "சாயா போடு." "சோறு இருக்கா?" "ஏக் சாத்தாம்." "போட் போயிட்டா?" "தலை நோவுது." "அரே பாய், ஏக் மினிட் ருக்கோ." எல்லாம் இருந்தது, அவர் குரலில், என்ஜின் சத்தத்தோடு. வேண்டியதை வெட்டி எடுத்தேன். திரையில் கட்டைகளை இழுத்துப் பொருத்தி ஆப் செய்கிற ஒரு முறை உண்டு, அதை நான் இன்ஸ்டிட்யூட்டில் பாடமாகவே எடுக்கிறேன். இரண்டு வாரத்தில் நாற்பது பட்டன், நாற்பது படம். அவர் தொட்டால் அவரே பேசுவார்.

முதல் தடவை "சாயா போடு" என்று வீட்டில் அந்தச் சத்தம் கேட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். சாயா போட்டுக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். அவர் அதற்குள் பதினாறு தடவை தொட்டுவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பட்டன்களைத் தேர்ந்தெடுத்தபோது அவரும் பக்கத்தில் இருந்தார். ஒவ்வொரு வாய்ஸாகப் போடுவேன், தலையாட்டுவார், வேண்டாம் என்றால் கையை உதறுவார். ஒரு வாய்ஸ் வந்தது. அவர் ஒரு என்ஜின் விஷயமாக யாரையோ பார்க்கப் போயிருந்த நாளில், அங்கே எப்படிப் பேச வேண்டும் என்று நான் வரிசையாக மூன்று மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். அதற்கு அவர் பதில்: "ஏட்டி, நீ சும்மா இரு. நான் சொல்லிக்கிடுதேன்."

அதைக் கேட்டதும் அவர் மேஜையைத் தட்டினார். இது வேண்டும் என்று அர்த்தம். நான் சிரித்துக்கொண்டு, "இது எதுக்கு, யார்கிட்ட சொல்லப் போறீங்க?" என்றேன். மறுபடி தட்டினார். "கேக்குறவங்க தப்பா நினைப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அடுத்ததற்குப் போய்விட்டேன். மூன்றாம் தடவை அவர் தட்டவில்லை.

ஆப் வேலை செய்தது. ஒரு மாதத்தில் அவர் தனியாகக் கிளம்ப ஆரம்பித்தார். வாரத்தில் ஒரு நாள் போட் ஏறி சாத்தாம் போய், பழைய வொர்க்‌ஷாப்பில் உட்கார்ந்துவிட்டு வருவார். போகும்போது "ஏக் சாத்தாம்", வரும்போது "ஏக் பாம்பூஃப்ளாட்". கவுன்ட்டரில் போனை நீட்டித் தொடுவார், டிக்கெட் வரும், போட் ஏறுவார். நானில்லாமல், யாருமில்லாமல். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, போகிற நாள் காலையில் அவர் சட்டையை இஸ்திரிக்கு நீட்டி நின்ற விதத்திலேயே தெரிந்தது.

டவுன் பக்கம் ஷாதிபூரில் ஒரு பெங்காலிப் பெண். அவள் அப்பாவுக்கும் இதே கதி. எப்படியோ கேள்விப்பட்டு வந்தாள். அவள் அப்பா குரலில் வாய்ஸ்கள் அவளிடம் இருந்தன. செய்து கொடுத்தேன். ஆனால் பைலை அவர் போனில் ஏற்றப் போனால் சிவப்பில் ஒரு எச்சரிக்கை: இது கடையிலிருந்து வந்ததல்ல, ஆபத்தாக இருக்கலாம். மெயின்லேண்டில் இருக்கிற அவள் அண்ணன் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, "யாரோ தர்ற ஆப்பையெல்லாம் போடாதே" என்று சத்தம் போட்டான். அவனைத் தப்பு சொல்ல முடியாது. கரன்ட் பில் கட்டவில்லை என்று மெசேஜ் அனுப்பி, ஒரு ஆப்பை ஏற்ற வைத்து, பேங்க் கணக்கைத் துடைத்தெடுத்த கதை எங்கள் போட்டிலேயே ஒரு அம்மாவுக்கு நடந்திருக்கிறது. தெரியாத ஆப்பை ஏற்றாதே, போனில் இருக்கிற பாதுகாப்பை அணைக்காதே என்று வகுப்பில் தொண்டை வலிக்கச் சொல்கிறவள் நானேதான். வாசலில் காவல் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை.

அதனால் முறையாகக் கடை வழியாகவே போவோம், வேண்டியவர்கள் தங்கள் குரலை ஏற்றிக்கொள்ளட்டும், இலவசமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். வெளிநாட்டுக்குப் பணம் கட்டுகிற கார்டு வேண்டுமென்றார்கள், இன்ஸ்டிட்யூட் ஓனர் கார்டைக் கெஞ்சி வாங்கிக் கட்டணம் கட்டினேன். அடையாள அட்டை கேட்டார்கள், கொடுத்தேன். உங்கள் ஆப்பில் சூதாட்டம் உண்டா, ஆபாசம் உண்டா, ஆயுதம் உண்டா என்று கேட்டார்கள். சாயா கேட்கிற பட்டன்தான் உண்டு என்று எழுத இடமில்லை. ஐந்து நிமிடத்தில் கடன் என்று சொல்லி, போனில் இருக்கிற நம்பரையெல்லாம் அள்ளிக்கொண்டு, அப்புறம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கிய ஆப்களும் ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கெல்லாம் "இல்லை, இல்லை" என்று டிக் அடித்துத்தானே உள்ளே வந்திருக்கும்? வந்து ஜம்மென்று உட்கார்ந்திருந்ததே?

கடைசியில் வந்தது அந்த நிபந்தனை. புதியவர்கள் கடையில் ஆப் வைக்குமுன், இருபது பேர் இரண்டு வாரம் தொடர்ந்து அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும்.

இருபது பேருக்கு எங்கே போவது? என் பக்கத்து வீட்டு பாபியிடம் சொன்னேன்; இந்தியில் அண்ணிக்கு அதுதான் பெயர். அவர்கள் இங்கேயே பிறந்த குடும்பம். எந்தக் காலத்திலோ கைதியாகக் கொண்டுவரப்பட்டவரின் வழி, எந்த ஊர் என்பது அவர்களுக்கே மறந்துவிட்டது. பாபி டவுனில் ஒரு அலுவலகத்தில் பியூன். தினமும் போட்டில் போகிறவர் என்பதால் அவர் பை ஊருக்கே பொதுப் பை. எங்கள் கரையில் அப்படித்தான் நடக்கும். ஒருவர் கடல் தாண்டினால் பத்து வீட்டு வேலை முடிய வேண்டும். கரன்ட் பில், ரேஷன் கார்டு திருத்தம், மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் பாரம், ஒருவர் கையில் பத்து பேருடையது இருக்கும். வரிசையில் நிற்பவரும் தப்பாக நினைக்க மாட்டார், கவுன்ட்டரில் இருப்பவரும் கேட்க மாட்டார். பத்து பேரும் போட் ஏறி நின்றால் அதுதான் பைத்தியக்காரத்தனம்.

பாபி கேட்டார்: "பீஸ் ஆத்மி? இருபது ஆள், இவ்வளவுதானா? நீ டென்ஷன் மத் லோ. போன் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். அப்படி ஒரு பார்த்துக்கொள்ளலை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. எங்கள் பகுதியில் போனில் நெட் நொண்டும். பாபி வீட்டில் மட்டும் வைஃபை உண்டு. அதனால் தெருவில் இருக்கிறவர்கள் எல்லாரும் காலையில் போனை அவர் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடலுக்குப் போனவர்கள் வீட்டில் விட்டுப்போன போனும் வந்தது. சாப்பாட்டு மேஜையில் வரிசையாக அடுக்கி, காலை போட்டுக்கு முன்னால் பாபி ஒவ்வொன்றாகத் திறந்து, ஆப்பைத் தொட்டு, என் கணவர் குரலில் "சாயா போடு" கேட்டுவிட்டு மூடுவார். இருபது தடவை. பதினோராம் நாளோ என்னவோ, கருத்து எழுதச் சொல்லி ஒரு பெட்டி வந்ததாம். "பகுத் அச்சா ஹே" என்று இருபதிலும் எழுதினார். எல்லா வீட்டு பாரத்தையும் ஒரே கையெழுத்தில் நிரப்பிப் பழகிய கை.

எனக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். மேஜையைப் பார்த்தேன், சிரித்தேன், பாபிக்கு நன்றி சொன்னேன். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற எனக்கே அது தப்பு என்று உறைக்கவில்லை. எங்கள் ஊரில் அது உதவி, வேறு பெயரே கிடையாது.

இரண்டு நாள் கழித்து "அன்புள்ள டெவலப்பர்" வந்தது. ஒரே இடத்திலிருந்து ஒருங்கிணைத்த போலி நடவடிக்கை கண்டறியப்பட்டதாம். என் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டதாம். இனி நான் புதுக் கணக்கு தொடங்கக் கூடாதாம், தொடங்கினால் அதையும் மூடுவார்களாம். நிரந்தரமாக என்றால் நான் சாகும்வரை என்று எடுத்துக்கொண்டேன்.

மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். இத்தனை எழுத்துக்குள் என்று கணக்கு. போட், பை, பாபி, வைஃபை, பக்கவாதம் எல்லாவற்றையும் அதற்குள் திணித்து, வெட்டி, மறுபடி திணித்து எழுதினேன். இருபது பேரும் நிஜமான மனிதர்கள், வேண்டுமானால் வந்து எண்ணிக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். அனுப்பிவிட்டு எழுந்து தண்ணீர் குடித்து வருவதற்குள் பதில். "உங்கள் முறையீட்டைக் கவனமாகப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை. காரணத்தை விரிவாகப் பகிர இயலாது." ஒரு சொம்பு தண்ணீர் இறங்குகிற நேரத்தில் கவனமும் முடிந்தது, பரிசீலனையும் முடிந்தது.

போட் வந்து நிற்கிற எங்கள் ஜெட்டியில் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் இருக்கிறார். டெண்டர் எடுத்தவர். கூரை கிடையாது, சுவர் கிடையாது. துண்டுச் சீட்டில் "வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு" என்று அச்சடித்துக் காசு வாங்குவார். எங்களில் அவரைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் அவருக்கு ஒரு முகம் உண்டு. என் வண்டி மழையில் சாய்ந்து கண்ணாடி உடைந்த அன்று நான் போட்ட சத்தத்தை நின்று கேட்டார். தலையைச் சொறிந்தார். மறுநாள் எங்கிருந்தோ ஒரு பழைய கண்ணாடி கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தார். உலகத்திலேயே பெரிய கடை வைத்திருக்கிறவர்களுக்கு அந்தத் தலையைச் சொறிகிற ஒரு ஆளை வேலைக்கு வைக்க வக்கில்லை.

இவ்வளவோடு போயிருந்தால் நான் பொருமிவிட்டு விட்டிருப்பேன். கடையில் இடமில்லை, அவ்வளவுதானே. அவர் போனில் நான் ஏற்றியது அப்படியே இருக்கிறதே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர் வழக்கம்போல் சாத்தாம் போனார். திரும்பும்போது கவுன்ட்டரில் போனை நீட்டித் தொட்டிருக்கிறார். "ஏக் பாம்பூஃப்ளாட்" வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு திரை: உங்கள் பாதுகாப்புக்காக இந்த ஆப் முடக்கப்பட்டுள்ளது. தடை செய்யப்பட்டவள் செய்த ஆப் என்பதால், போனுக்குள் இருக்கிற காவல்காரன் அவர் வழியில் இருக்கும்போதே அதை அணைத்துவிட்டான். அவருக்குத் திரையைப் படிக்க வராது. மறுபடி மறுபடி தொட்டிருக்கிறார். பின்னால் வரிசை. கவுன்ட்டரில் அன்று புது ஆள். "போலோ, கஹான் ஜானா ஹே?" எங்கே போகணும் என்று அவர் கேட்க, இவர் "தா... தா..." என்றிருக்கிறார். கால் வேறு ஒரு பக்கம் இழுக்கும். வரிசையில் யாரோ "பீ கே ஆயா ஹே" என்றிருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று.

இதையெல்லாம் கவுன்ட்டரில் விசாரித்து எனக்குச் சொன்னது பாபி. வேலை முடிந்து வந்தவர், சாத்தாம் ஜெட்டி பெஞ்சில் இவர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். மதியத்திலிருந்து எத்தனை போட் போனது என்று கணக்கில்லை. டிக்கெட் எடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். வாசலிலேயே நின்று அவ்வளவையும் சொல்லிவிட்டு, உள்ளே வராமல் போனார். தன் மேஜையில் அடுக்கிய போன்களால்தான் இப்படி ஆனது என்று பாபிக்கு யார் சொன்னார்களோ. நான் சொல்லவில்லை.

அன்றே பாதுகாப்பை அணைத்து, பைலை மறுபடி ஏற்றினேன். வகுப்பில் எதைச் செய்யாதே என்கிறேனோ அதை என் வீட்டுப் போனில் செய்தேன். விளைவுகளுக்கு நீங்களே பொறுப்பு, சம்மதமா என்று போன் கேட்டது. ஸ்கூட்டர் சீட்டில் இருக்கிற அதே வாசகம். சம்மதம் என்று அழுத்தினேன். இனி எந்தத் திருடன் ஆப் வந்தாலும் அவர் போனில் தடுக்க ஆளில்லை. கடைக்காரர்கள் தரும் பாதுகாப்பின் லட்சணம் இது: நல்லதை ஏற்ற வேண்டுமென்றால் கெட்டதற்கும் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

ஆப் வேலை செய்தது. அவர் தொடவில்லை. போனை பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். நான் எடுத்துக் கையில் கொடுத்தால், வாங்கி, திரும்ப அங்கேயே வைப்பார். இஸ்திரி போட்ட சட்டையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி செக்கப்புக்குப் போக வேண்டியிருந்தால் நான் லீவு போட்டுக் கூடவே போவேன். கவுன்ட்டரில் நான் பேசுவேன், டாக்டரிடம் நான் பேசுவேன். அவர் என்ன சொல்ல வந்தாரோ, அதில் எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்வேன். இரண்டு மாதம் இப்படிப் போனது.

இன்ஸ்டிட்யூட்டில் இதைச் சொல்லிப் பொருமாத நாள் கிடையாது. எங்கள் ஓனர் பெரிய கம்பெனிகள் என்றால் கண் மலர்கிறவர். ஒரு நாள் சாயா இடைவேளையில் சொன்னார். "மேடம், கோபப்படாதீங்க. கடை அவங்களோடது. கட்டினது அவங்க, காவல் காக்கிறது அவங்க. ஆயிரம் திருட்டுப் பயலுக நடுவுல ஒரு நல்லவங்களும் அடிபடுவாங்க. அதுக்குன்னு கதவைத் தொறந்து போட முடியுமா? எது உள்ள வரலாம், எது வரக்கூடாதுன்னு யாராவது ஒருத்தர் முடிவு பண்ணணும்ல? எல்லாம் யூசரோட நல்லதுக்குத்தானே."

நல்ல சூடாக நான்கு வார்த்தை வைத்திருந்தேன். கடை உங்களுடையது என்றால் கடைக்கு வாடகை வாங்குங்கள். வீடு வரை வந்து, என் போனுக்குள் புகுந்து, ஒருவன் வாயை அணைக்கிற உரிமை எந்த வாடகையில் வருகிறது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் சொன்ன கடைசி வரி குறுக்கே வந்து நின்றது. நல்லதுக்குத்தான். அதை நான் சொல்லியிருக்கிறேன், என் வீட்டு மேஜையில், அவர் இரண்டு தடவை தட்டிய பிறகு.

சாயாவைக் குடித்து முடித்து வகுப்புக்குப் போனேன். நான் வாதத்தில் தோற்றுவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார், நினைத்துக்கொள்ளட்டும். கடைக்காரர்களைப் பற்றி என் அபிப்பிராயம் அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. கேவலம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைத்தால் அதைப் போடுவேன். என்னைப் பற்றிய அபிப்பிராயம்தான் கொஞ்சம் இறங்கியது.

வீட்டுக்கு வந்து பழைய வாய்ஸ்களைத் திறந்தேன். அந்த ஒன்றைத் தேடி எடுத்து, வெட்டி, நாற்பத்தொன்றாவது பட்டனாக வைத்தேன். படமாக என் போட்டோவையே போட்டேன். போனை அவர் முன்னால் வைத்து, ஒரு தடவை தொட்டுக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது பார்த்தேன், போன் பிரிட்ஜ் மேலும் இல்லை, மேஜையிலும் இல்லை.

அந்த வாரம் செக்கப். நான் லீவு போட்டேன், இரண்டு பேரும் ஜெட்டிக்கு நடந்தோம். மழை விட்டிருந்தது. கவுன்ட்டரில் கூட்டமில்லை. உள்ளே இருந்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார். இந்த இரண்டு மாதத்தில் என்னைப் பார்த்துக் கேட்பது அவருக்கும் பழகிவிட்டது.

"இவர் எங்கே போகணும்?" என்று என்னிடம் கேட்டார்.

"தோ சாத்தாம், ரெண்டு பேர். ஆஸ்பத்திரிக்கு, செக்கப். இவருக்கு ஒரு பக்கம்..." என்று நான் ஆரம்பித்துவிட்டேன்.

என் இடுப்பு உயரத்தில் அவர் கையிலிருந்து, என்ஜின் சத்தத்தோடு, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அந்தக் குரல் வந்தது.

"ஏட்டி, நீ சும்மா இரு. நான் சொல்லிக்கிடுதேன்."

நான் சும்மா இருந்தேன்.